உட்கார்ந்தே உருக்கிய ஈரல்

உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமலே என் ஈரலில் இருந்த கொழுப்பையெல்லாம் உருக்கிவிட்டேன். பிடித்து வைத்திருந்தால் ஊருக்கே ஒரு மாதம் விளக்கெரிந்திருக்கும். ஓடவில்லை, நடக்கவில்லை, சாப்பாட்டில் ஒரு கவளம் குறைக்கவில்லை. இரும்பைத் தூக்கினேன், அவ்வளவுதான்.

தூக்குவது எனக்குப் புதிதல்ல. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். ஒரு மலைத்தொடரையே இரண்டு விரலால் இடம் மாற்றியிருக்கிறேன். தூக்கியது கிரேன், வளர்ந்தது என் தொப்பை. கடைசியில் ஒரு சங்கிலி அறுந்து முழங்காலை நொறுக்க, ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

என் தம்பி லாரி எடைமேடையில் இருந்தவன். கடவுளே வந்தாலும் "ஏறி நில்லுங்க, பார்ப்போம்" என்பான். அவனுக்குத்தான் ஈரல் கெட்டுப்போனது. கண் மஞ்சளாகி, கை கால் குச்சியாகி, வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. என் ஈரலில் பாதியை வெட்டி வைத்தால் பிழைப்பான் என்றார்கள். என் ஸ்கேனைப் பார்த்ததும் டாக்டரின் முகம் சுருங்கியது.

"இவ்வளவு கொழுப்போட வெட்டினா ரெண்டு பேருக்குமே ஆபத்து. முதல்ல குறையணும். நடங்க."

"இந்தக் காலை வெச்சிக்கிட்டா?"

"அப்ப முடிஞ்சதைச் செய்யுங்க. சீக்கிரம்."

தெருமுனை ஜிம்மில் பலகையில் உட்கார்ந்து எடை தூக்க ஆரம்பித்தேன். "பெரியப்பா, மூச்சை அடக்காதீங்க, போய்ச் சேர்ந்துடுவீங்க" என்று பயிற்சி தரும் பெண் கத்துவாள். முதல் நாள் ஒரு வாளித் தண்ணீர் கனத்துக்கே வாந்தியெடுத்தேன். வீட்டுக்கு வந்து சொல்லும்போது அது ரயில் எஞ்சின் ஆகியிருந்தது.

வாரந்தோறும் தம்பியைப் பார்க்கப் போவேன். கட்டிலுக்கடியில் எடை மெஷின் தயாராக இருக்கும்.

"ஏறுண்ணே."

முள் போன வாரம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

"கரைச்சதெல்லாம் எங்கண்ணே போச்சு? வழியிலயே திரும்ப வந்து ஒட்டிக்கிச்சா?"

"கொழுப்பு இறங்குது, சதை ஏறுதுடா. பேன்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது பாரு."

"மணலை இறக்கிட்டுச் செங்கல் ஏத்துன லாரியா நீ? எனக்கு முள்ளுதான் சாட்சி. பொறந்ததும் பொய் சொல்லித்தான் அழுதிருப்பே."

சிரிக்கும்போது அவன் ஈறில் ரத்தம் கசியும். தம்பி மனைவி துண்டால் துடைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அந்த வீட்டில் முள் அசைந்தது அவனுக்குத்தான், வயிற்றில் நீர் ஏற ஏற.

மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எடை என்னவோ அப்படியேதான் இருக்கு. ஆனா ஈரல் தெளிஞ்சிருச்சு. வெட்டலாம்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் நொண்டிக்கொண்டே ஆடினேன். நாலு மாடியும் என்னோடு ஆடின.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதற்குள் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. வயிற்று நீரில் கிருமி, ரத்தத்திலும் கலந்துவிட்டது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அவர் உடம்பு இப்ப கத்தியைத் தாங்காது. இனிமே தாங்கும்னும் தோணலை. அவர்கிட்டயும் சொல்லிட்டோம்."

தம்பியைச் சேர்த்திருந்த அறைக்குள் போனேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"டேய், என் ஈரல் கண்ணாடியா இருக்காம். டாக்டர் அதுல முகம் பார்த்துத் தலை சீவினாரு."

அவன் சிரிக்கவில்லை. மனைவியைப் பார்த்தான். "ஆமாங்க, தெளிஞ்சிருச்சுன்னு டாக்டர் என்கிட்டயும் சொன்னாரு" என்றாள் அவள்.

குச்சிக் கையை நீட்டி என் சட்டையைப் பிடித்தான். தொப்பை இருந்த இடத்தில் துணி மடிந்து தொங்கியது. அதை விலக்கி என் வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தான். கை கொதித்தது. வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"நிஜமாவே கரைச்சிட்டேண்ணே நீ" என்றான்.