கொடியில் காய்ந்த சுக்கான்

இந்தக் கதையைப் பல வருடங்கள் நான் நம்பவில்லை. சொன்ன ரிஸ்தின் பொய் பேசுகிறவள் அல்ல. அதனாலேயே சந்தேகம் வலுத்தது.

வடகோடியில் ஒரு நீண்ட குடா. அதன் வடகரையில் இருந்த சாமி என்ற பழங்குடி மக்களுக்குப் படகும் துழாவுதலும் சொந்தச் சொற்கள். துடுப்பு, பாய், சுக்கான் எல்லாம் தென்கரையில் பழைய ஜெர்மானிய மொழி பேசியவர்களிடம் கடன் வாங்கிய சொற்கள். வருடம் முழுக்கப் புழங்கி அவற்றில் உப்பேறிவிடும். பனி உருகும் முதல் நாளில் மூட்டை கட்டி எடுத்துப்போனால், தென்கரையார் அலசிக் கொடியில் காயப்போட்டு மறுநாள் தருவார்கள். மூட்டை தென்கரையைத் தொட்டதும் சொற்களோடு வடகரைப் படகுகளின் நிஜத் துடுப்பும் பாயும் சுக்கானும் மறைந்துவிடும் என்பதால், எல்லாப் படகும் கரையேறிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் கிளம்ப வேண்டும்.

அந்த வருடம் ரிஸ்தின் முறை. அவள் பார்க்கவில்லை. கலைமான் வண்டியில் குடாவைச் சுற்றிப்போய் மூட்டையை இறக்கியபோது, நடுத்தண்ணீரில் கணவன் ஆண்டா மொட்டைப் படகில் உட்கார்ந்திருந்தான். வற்றும் நீர் அவனை வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது.

"ரக்ன்ஹில்ட் அக்கா, துடுப்பையாவது கொடுங்க. எங்க வீட்டுக்காரர் போயிட்டிருக்கார்."

தென்கரையில் மூட்டையை வாங்கி அலசும் ரக்ன்ஹில்ட் கைவேலையை நிறுத்தவில்லை. "ஈரத்தோட கொடுத்தா விரிசல் விடும். பாக்காம மூட்டை கட்டிட்டு இங்க வந்து அதிகாரம் வேறயா? துழாவுறது உங்க சொல்தானே. துழாவச் சொல்லு."

ரிஸ்தினுக்கு நியாயமாகப் பட்டது. கரைக்கு ஓடி, "துழாவுங்க" என்று கத்தினாள். ஆண்டா வெறுங்கைகளை இழுத்து இழுத்துத் துழாவினான். படகு நகர்ந்தது. ஆனால் சுக்கான் இல்லாததால் வட்டமடித்தது. ஒவ்வொரு வட்டமும் கடலுக்குள் தள்ளிப் போனது.

அவள் மறுபடி கேட்கவில்லை. கொடியிலிருந்து சுக்கான் என்ற சொல்லை உருவிக்கொண்டாள்.

"கிழிச்சிடாதடி," என்றாள் ரக்ன்ஹில்ட்.

படகின் பின்னால் சுக்கான் சொட்டச் சொட்ட வந்து நின்றது. ஆண்டா நேராகக் கரைக்கு வந்து, "சாப்பிட ஏதாவது இருக்கா?" என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்து ரிஸ்தின் கையை விரித்தபோதுதான், அந்தச் சொல்லின் அடியில், கொடியில் கிடந்த தென்கரையாரின் செவ்வாய்க்கிழமையும் ஒட்டிக்கொண்டு வந்திருப்பது தெரிந்தது. ரக்ன்ஹில்ட் கேட்டு வரவில்லை. அன்றிலிருந்து வடகரையில் வாரத்துக்கு இரண்டு செவ்வாய்.

போன மாதம் ரிஸ்தின் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கடைசியாகக் கேட்டே விட்டேன்:

"இன்னிக்கு எந்தச் செவ்வாய், உங்களதா, அவங்களதா?"