சேனாபதி ஐயாவின் டைரி, என் குரலில்

சேனாபதி ஐயா எண்பத்தாறு வயதில், மத்தியானத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். வருஷம் திரும்பியதும் அவர் மகள் டாக்டர் சாந்தாமணி, அமெரிக்காவில் சுகர் லேண்டில் இருக்கும் தன் வீட்டுக்கு என்னை வரச் சொன்னார். டெல்லியில் வளர்ந்தவர், தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. நான் அவர்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள ஹோட்டலில் ஜாங்கிரி பிழிகிறவன். நாற்பது வயதுக்கு மேல், ஊரில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டியவன்.

மேஜைமேல் ஐயாவின் மூக்குக் கண்ணாடி, பல் செட், தொண்ணூற்றெட்டாம் வருஷத்து டைரி. பேத்தி வெண்பா டேப் ரெக்கார்டரை என் வாய்க்கு நேரே வைத்தாள்.

“ரீட் பண்ணுங்கண்ணா. இவ பிள்ளைங்க காலத்துலயும் இது இருக்கணும். ஒரு வார்த்தை விடக்கூடாது” என்றார் டாக்டர்.

முதல் பக்கத்தில் மழை. இரண்டாவதில் முழங்கால் வலி. மூன்றாவதில், “சாந்தாமணி வைத்த ரசம் வெந்நீருக்குத் தங்கச்சி.”

“தாத்தா ஈஸ் சோ மீன்!” வெண்பா கைதட்டினாள்.

நான்காம் பக்கத்தில் என் விரல் நின்றுவிட்டது.

“வாக்கிங் போனேன். கோபாலசாமி பின்கதவு வழியாக மூன்று ஜாங்கிரி கொடுத்தான். மகளிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தான்.”

கோபாலசாமி நான்தான். ஐயாவுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை கொடுத்தவர் எதிரே உட்கார்ந்திருந்தார். என் முதலாளி பிரஷர் பார்ப்பதும் இவரிடம்தான். ஒரு போன் போதும், நான் மூட்டை கட்ட.

“என்னண்ணா, புரியலயா?”

“இங்க் கலைஞ்சிருக்குங்க டாக்டரம்மா.”

வெண்பா எட்டிப் பார்த்தாள். “நோ, அங்கிள். இட்ஸ் பால்பாயிண்ட்.”

டேப் சுற்றிக்கொண்டிருந்தது. ‘இன்றும் மழை’ என்று சொல்லித் தாண்டிவிடலாம். ஆனால் ஐயா எழுதாத மழையை அவர் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் தலையில் எப்படிக் கொட்டுவது? என் பெயரோடு வாசித்துவிட்டேன்.

“ஆறு மாசமா சுகர் இறங்கலன்னு நான் மாத்திரைய மாத்தி மாத்திக் குடுத்தேன். நீங்களா?”

“கேட்டாருங்கம்மா.”

“விஷம் கேட்டாலும் குடுப்பீங்களா?”

“அது எங்க ஹோட்டல்ல போடறதில்லீங்க.” பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

“மேல வாசிங்க. எல்லாம் வெளிய வரட்டும்.”

அடுத்த பக்கம்: “என் சுகருக்காகச் சாந்தாமணி தடித்தடியாகப் புத்தகம் புரட்டுகிறாள். பார்க்கவே பாவமாக இருக்கிறது. இப்படி ஒரு மகள் யாருக்குக் கிடைப்பாள்? நாளை முதல் ஜாங்கிரி கிடையாது.”

டாக்டர் ஐயாவின் கண்ணாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். “அடுத்தது?”

பார்த்தேன். டேப்பையும் பார்த்தேன்.

“இன்று நான்கு.”

டாக்டருக்கு முதலில் விக்கல் போல ஏதோ வந்தது. பிறகு மேஜையில் தலை கவிழ்த்துச் சிரித்தார், அழுகையும் கலந்திருந்தது.

“டேப்ப ஸ்டாப் பண்ணவா, மாம்?”

“ஓடட்டும்” என்றவர் என் பக்கம் திரும்பினார். “உங்க ஓனர்கிட்ட சொல்ல மாட்டேன். ஆனா மாடியில இன்னும் பதினோரு டைரி இருக்கு. வாராவாரம் சண்டே வந்து, நீங்களே உங்க வாயால வாசிங்க. அதான் பனிஷ்மென்ட்.”

எனக்கு லீவு என்று இருப்பதே அந்த ஒரு நாள்தான். சரிங்க என்றேன்.