கைக்குழந்தைகளுக்கு அன்பான வரவேற்பு

ஷஹீரின் விடுப்பு முடியப்போகிற வாரம் அது. அஃப்னா பிறந்தபோது அவன் சவூதியில், தம்மாமில் வேலையில் இருந்தான். மகளை முதன்முதலாகக் கையில் வாங்கியதே இந்த விடுப்பில்தான். தேங்காப்பட்டணத்து வீட்டிலோ உம்மா, அண்ணன்மார், மைனிமார், அவர்களுடைய பிள்ளைகள் என்று எந்த அறைக் கதவையும் சாத்த முடியாது. யாராவது ஒருவர் குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

“ஒரே ஒரு நாளு, நாம மூணு பேரும் மட்டும் எங்கயாவது போய் இருக்கணும் மச்சான்” என்றாள் அவன் மனைவி ஃபாஸிலா.

அவன் செல்போனில் தேடி, முட்டத்தில் கடலைப் பார்த்த ஒரு வீட்டின் மாடி அறையைப் பிடித்தான். அறைக்கு இரண்டு பேர் என்று போட்டிருந்தது. தாங்களும் இரண்டு பேர்தானே என்று நினைத்துவிட்டான்.

ஆடிச் சாரலில் நனைந்துகொண்டே போய் இறங்கினார்கள். வீட்டுக்காரர் அனில்குமார் குடையோடு கேட்டுக்கு வந்தார். சிரித்த முகம், ஃபாஸிலாவின் தோளில் கிடந்த துணி அசைந்ததும் மாறிவிட்டது.

“இதாரு?”

“எங்க மவ. ஆறு மாசம் ஆவுது” என்றான் ஷஹீர்.

“ரெண்டு பேருக்குல்லா புக் பண்ணியிருக்கிய? இப்ப மூணு பேரு நிக்கிய.”

“கைக்குழந்த அண்ணே. இது ஒரு ஆளா?” என்று ஃபாஸிலா சிரித்தாள். அவர் விளையாடுகிறார் என்றே நினைத்தாள்.

“மூச்சு விடுதுல்லா? அப்ப ஆளுதான். போன தடவ ஒரு பிள்ள புது மெத்தைய நாறடிச்சிட்டுப் போச்சு. ராத்திரி முழுக்க அழுக, மத்த ரூம்காரங்க என்னயப் பிடிச்சி ஏசினாவ. பால்குடி மாறாத பிள்ளைய வச்சிட்டு உங்களுக்கு என்னத்துக்கு ஊர் சுத்து? வீட்ல கெடந்தா என்ன?”

ஷஹீர் கெஞ்சினான். அது ஃபாஸிலாவுக்கு அந்த வார்த்தையைவிட வலித்தது. அவன் யாரிடமும் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. அனில்குமார் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். முன்பக்க ஜன்னலில் ஒரு பெண் நின்று பார்த்துவிட்டுத் திரையை இழுத்தாள். ஒதுங்க இடம் தேடி பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார்கள். அங்கே ஷஹீர் குடையை விரித்து மறைத்துப் பிடிக்க, அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். அன்று வேறெங்கும் இடம் கிடைக்கவில்லை. வீட்டுக்கே திரும்பினார்கள். அந்த வாரக் கடைசியில் அவன் விமானம் ஏறிவிட்டான்.

“விட்டிரு, சவத்த” என்று அவன் அங்கிருந்து சொன்னான். அவள் விடவில்லை. அறை பிடித்துக்கொடுத்த கம்பெனிக்கு நடந்ததை எல்லாம் எழுதினாள். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை விருந்தினர் கணக்கில் வராது என்பதுதான் தங்கள் விதி, வீட்டுக்காரரை எச்சரித்துவிட்டோம் என்று பதில் வந்தது. சில நாள் கழித்து கம்பெனியின் இணையதளத்தில் அந்த வீட்டின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: ‘கைக்குழந்தைகள் விருந்தினர் கணக்கில் சேரமாட்டார்கள். அவர்களை அன்புடன் வரவேற்கிறோம்.’

அந்த ‘அன்புடன்’ அவளுக்குள் தீயாகப் பற்றியது. ஒரு வார்த்தை மன்னிப்பில்லை. மழையில் விரட்டியவன் ஊருக்கெல்லாம் அன்பு காட்டுகிறானாம். அதற்குப் பிறகு தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிப்போனது.

சில மாதம் போன பிறகு ஒருநாள் அனில்குமார் பெருமையாக ஒரு செய்தி போட்டிருந்தார். ஊர் ஊராகப் போய் வீடியோ எடுக்கும் ஜெஃப்ரின், வருகிற ஞாயிறு சாயங்காலம் ‘முட்டத்தின் மிக அமைதியான வீட்டை’ப் படம்பிடிக்க வருகிறார்.

ஃபாஸிலா உடனே இனயம் ஊரிலிருந்த ஸ்டெனியைக் கூப்பிட்டாள். கல்லூரித் தோழி, இரட்டைப் பிள்ளைக்காரி.

“ஏட்டி, ஞாயித்துக்கெழம ஒன் ரெண்டையும் தூக்கிட்டு முட்டத்துக்கு வருவியா?”

விஷயத்தைக் கேட்டதும் ஸ்டெனி, “வராம பின்ன!” என்றாள். சின்ன மைனி ஷாஜிதா தன் மகனோடு வர ஒத்துக்கொண்டாள். அவளுடைய தோழிகள் மூன்று பேரும் சேர்ந்தார்கள். எல்லோரும் பால் கொடுக்கிறவர்கள். அந்த வீட்டில் வாடகைக்கு இருந்ததே மூன்று அறைகள். மூன்றையும் ஆளுக்கொரு பெயரில், அறைக்கு இரண்டு பேர் என்று பிடித்தார்கள். ஃபாஸிலாவின் பெயர் எதிலும் இல்லை.

ஞாயிறு மதியம் வேன் போய் நின்றது. ஒவ்வொருத்தியாக இறங்க இறங்க அனில்குமாரின் கண்கள் பிதுங்கின. ஸ்டெனி இடுப்புக்கு ஒன்றாக இரண்டோடு இறங்கினாள். கடைசியாக ஃபாஸிலா இறங்கினாள். அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

“ரூமுக்கு ரெண்டு பேருதான் அண்ணே, எண்ணிப் பாத்துக்கிடுங்க” என்றாள். “இதுவ ஆளு இல்லல்லா. நீங்களே எழுதிப் போட்டிருக்கிய, அன்போட வரவேற்கியன்னு.”

அவர் கேட்டைத் திறந்துவிட்டார்.

ஜெஃப்ரின் வந்தபோது மொட்டைமாடிக் கைப்பிடி நெடுக ஈரத் துணிகள் படபடத்துக்கொண்டிருந்தன. அவன் கேமராவைக் கடல் பக்கம் திருப்பி, “இங்கே கேட்பது அலையோசை மட்டும்...” என்று தொடங்கினான். ஸ்டெனியின் மூத்தது வீறிட்டது. உடனே இளையது. அதைக் கேட்டு மற்ற அறைகளிலும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டன. தூங்கும் நேரம் தள்ளிப்போயிருந்த அஃப்னாதான் எல்லாவற்றையும்விட உரக்க அழுதாள். ஜெஃப்ரின் திரும்பத் திரும்பத் தொடங்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்தபடியே துணிகளையும் பிள்ளைகளையும் வீடியோ எடுத்துக்கொண்டு போனான்.

அனில்குமாரின் மனைவி ஆதிரா சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். போகாமல் நின்றாள்.

“அண்ணைக்கு நீங்க மழையில நின்னத நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். மனசு கேக்கல.”

“ஆனா கதவத் தொறக்கலியே” என்றாள் ஃபாஸிலா. ஆதிரா தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனாள்.

வெயில் தாழ்ந்ததும் அனில்குமார் மாடிக்கு வந்தார். வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி, “தப்புதான் பிள்ள. அண்ணைக்கு வாயில வந்தத சொல்லிப்போட்டேன்” என்றார்.

ஃபாஸிலா, இன்னும் அழுதுகொண்டிருந்த அஃப்னாவை அவர் கையில் வைத்தாள். அவர் தடுமாறி வாங்கிக்கொண்டார். குழந்தை அழுகையை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தது.

“பேரு என்ன?” என்று மெல்லக் கேட்டார்.

“கணக்குல இல்லாததுக்குப் பேரு என்னத்துக்கு?”

அவர் முகம் செத்துப்போயிற்று. ஃபாஸிலாவுக்கு உள்ளே குளிர்ந்தது. இத்தனை மாதமும் இதற்காகத்தானே காத்திருந்தாள். உடனே ஷஹீரை வீடியோவில் கூப்பிட்டு, போனை அனில்குமார் பக்கம் திருப்பினாள்.

“பாருங்க மச்சான், யாரு தூக்கி வச்சிருக்கான்னு பாருங்க!”

ஷஹீர் சிரிக்கவில்லை.

“அவரு கையில ஏன் குடுத்த ஃபாஸிலா?” என்றான். “நான் அவளத் தூக்கி எவ்வளவு நாளாச்சு.”

அவள் பிள்ளையைப் பிடுங்கினாள். அனில்குமார் வெறுங்கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கீழே போனார்.

அந்த வாரமே வீடியோ வெளியாகி ஊரெங்கும் சுற்றியது. முட்டத்தின் அமைதியான வீட்டைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அனில்குமார் தன் பக்கத்தை மூடிவிட்டார் என்று ஸ்டெனி போன் செய்து சொன்னாள். ஃபாஸிலாவுக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. திரும்பவும் செய்யச் சொன்னாலும் செய்வாள். ஷஹீர் தூக்க முடியாத பிள்ளையை அந்தச் சாயங்காலம் அவர் கையில் கொடுத்தது மட்டும்தான் உறுத்தியது.

வீடியோவை ஷஹீருக்கு அனுப்பினாள். முழுதாக அவன் பார்க்கவில்லை.

“அஃப்னா அழுற எடத்த மட்டும் தனியா வெட்டி அனுப்பு” என்றான். “வேல முடிஞ்சி ரூமுக்கு வந்தா அவ சத்தத்தக் கேக்கலாம்.”