பச்சை டிக்

எங்கள் ஆஸ்பத்திரி ஆப்புக்குள் இரண்டு புரோகிராம்கள்: நோயாளியின் கோரிக்கையை வாங்கும் பதிவு சர்வீஸ் ஒன்று, ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் தேதி சர்வீஸ் ஒன்று. முன்பெல்லாம் பதிவு சர்வீஸ் தேதி சர்வீஸைக் கூப்பிட்டுவிட்டு, பதில் வரும்வரை வேறு வேலை பார்க்காமல் நிற்கும். தேதி சர்வீஸோ சரியான அசமந்தம். பதினெட்டு நொடி யோசிக்கும். அதுவரை நோயாளியின் போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அந்த வட்டத்தை எங்கள் மேனேஜர் கண்ணில் காட்டக்கூடாது. அதனால் இரண்டுக்கும் நடுவே ஒரு வரிசை வைத்தேன். பதிவு சர்வீஸ் கோரிக்கையை அதில் போட்டுவிட்டுப் போய்விடும். தேதி சர்வீஸ் ஆற அமர எடுத்துப் பார்க்கும். நல்ல ஏற்பாடுதான். 'கோரிக்கை வந்தது, தேதி பின்னர் தெரிவிக்கப்படும்' என்று திரையில் எழுதினேன். அழுமூஞ்சியாக இருக்கிறதாம். பச்சை டிக் போட்டு 'உறுதியானது' என்று மாற்றச் சொன்னார் மேனேஜர். இன்னும் ஆகவில்லையே என்று இழுத்தேன்.

"ஆயிடும்ல?" என்றார்.

பதவி உயர்வுப் பட்டியல் அவர் கையில் இருந்தது. நான் கொள்கைவாதி, டிக்கைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டேன்.

தேதி சர்வீஸ் மூன்று முறை முயன்றும் முடியாத கோரிக்கைகள் ஓரமாக இன்னொரு வரிசைக்குப் போகும். அதைத் தினமும் திறந்து பார்ப்பது என் பொறுப்பு. விதியை எழுதியதே நான்தான். எழுதியதோடு சரி.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு இடது கண்ணில் விழித்திரை விலகியது. ஒரு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்றார் டாக்டர். நேரில் போய்ப் பதிந்துவிடுகிறேன் என்றவளை, தம்பி நான் எதற்கு இருக்கிறேன் என்று தடுத்து, ஆப்பில் செவ்வாய்க்கிழமைக்குப் பதிந்தேன். பச்சை டிக் வந்தது, அக்காவிடமும் காட்டினேன். போட்டவனே நான், இருந்தும் நம்பினேன்.

செவ்வாய் காலை, ஆப்பில் காத்திருக்கும் நேரம் பூஜ்யமானதைக் கொண்டாட மீட்டிங் அறையில் கேக். அதன்மேலும் ஒரு பச்சை டிக். அக்கா நான்கு முறை அழைத்தாள். ஆபரேஷனுக்கு உள்ளே போகுமுன் பயந்து கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். 'மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்' என்ற தயார்ப் பதில் நான்கு முறையும் ஒரே நொடியில் போய்ச் சேர்ந்தது. கேக் நன்றாக இருந்தது.

மதியம் அழைத்தபோது அவள் குரலில் கோபமே இல்லை.

"லிஸ்ட்ல என் பேரே இல்லடா. பதினோரு மணிக்கு ஒரு இடம் காலியாச்சு. உங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு வார்த்தை சொன்னா தர்றோம்னாங்க. இனிமே பன்னெண்டு நாள் கழிச்சுதானாம்."

ஓரத்து வரிசையைத் திறந்தேன். முப்பத்தேழு பேர். ஒன்பதாவது அக்கா. எனக்கு என்மீதே அருவருப்பாக இருந்தது.

"வேற ஆஸ்பத்திரி பாக்கலாம். இப்பவே வரேன்க்கா" என்றேன்.

"முதல்ல வா" என்றாள். "வந்து நின்னப்புறம் டிக் போட்டுக்கலாம்."