கருங்கோட்டு அழைப்பிதழ்

கொளவாய் ஏரியின்மேல் படிந்திருந்த பனியை இளவெயில் மெல்ல விலக்க, கிழக்கே மாமல்லைக் கரையில் கட்டுமரங்கள் மீன்குவையோடு ஒதுங்க, புதுப்பட்டினத்தை அடுத்து அணுமின் நிலையத்தின் சுவர்கள் நாளும் உயர்ந்துகொண்டிருந்த எழுபத்து நான்காம் ஆண்டுத் தைத்திங்கட் காலையொன்றில், செங்கற்பட்டு அச்சகத்தார் தாண்டவராயனார் தம் வாழ்நாளின் பெரும்படைப்பை அச்சேற்றி முடித்தார். படைப்பு என்று நான் சொல்லவில்லை ஐயா, அவரே சொல்லிக்கொண்டார். அது ஒரு திருமண அழைப்பிதழ்.

இவர் செருமனியில் ஆறு திங்கள் அச்சுத்தொழில் பயின்றவர். முதற் பெரும்போரில் நொந்துபோன அந்நாட்டில் அறிஞர் சிலர், படிப்பவன் உழைப்பாளி, அவன் கண்ணுக்குச் செய்தி நொடியில் எட்டவேண்டும் எனக் கருதி, பூவேலையும் கொடிவேலையும் களைந்து, தடித்த கோடும் வளைவு நெளிவற்ற மொட்டை எழுத்தும் பரந்த வெற்றிடமுமாக ஒரு புதுநெறி கண்டனர். நல்ல நெறிதான், நான் குறை சொல்லமாட்டேன். தாண்டவராயனாரோ கோடுகளை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுவந்து, படிப்பவன் யார் என்ற கேள்வியை அங்கேயே விட்டுவிட்டார். செங்கற்பட்டில் அவரை எதிர்த்துப் பேச ஆளில்லை.

புதுப்பட்டினத்து மீன் வணிகர் எல்லப்பன், தம் மகள் வச்சலாவின் திருமணத்துக்கு மயிலிட்ட மஞ்சள் இதழ் கேட்டார். "மயில் குப்பை, மஞ்சளும் குப்பை!" என்று சீறிய இம்மேதை, வெள்ளைத்தாளைச் சுற்றித் தடித்த கருங்கோடுகள் நான்கை நிறுத்தி, நடுவே எல்லப்பன் பெயரைப் பெரிதாகவும், மணமக்களையும் மணநாளையும் அடிமூலையில் எறும்பளவாகவும் பொறித்து, எவருக்கும் காட்டாமல் எல்லப்பன் தந்திருந்த முகவரிகளுக்குத் தாமே அஞ்சலில் சேர்த்தார்.

கருங்கோடு சூழ்ந்த மடல் கருமாதி மடல் என்பது பள்ளி மிதியாதவருக்கும் தெரியும். அதை வாசலிலேயே பார்த்துக் கிழித்தெறிந்து, தலையில் நீரூற்றிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். திருப்போரூரில் மணமகனின் தாய் லோகநாயகி கண்டது கருங்கோடுகளையும் எல்லப்பன் பெயரையும் மட்டுமே. கிழித்தாள், நீரூற்றினாள், உறவினர் பன்னிருவரோடு பேருந்தேறி, வழியெல்லாம் மாரடித்து அழுதுகொண்டே புதுப்பட்டினத்தில் வந்திறங்கினாள். எல்லப்பன் வாசலில் அமர்ந்து பழஞ்சோறு உண்டுகொண்டிருந்தார்.

"அண்ணாத்த! நீ உசுரோடவா கீற!"

"எனக்கு இன்னாம்மா கேடு?"

நடந்தது விளங்கியதும் வந்தவர்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. "கல்யாண சேதியே சாவு சேதியா வந்துகீது. இந்த சம்மந்தம் வாணாம்" என்றார் ஒருவர். அதைக் கேட்டபடி வச்சலா கதவோரம் நின்றாள்.

மீந்த இதழ்களைத் தர அந்நேரம் அங்கு வந்துசேர்ந்த தாண்டவராயனார் தொண்டையைச் செருமினார். "அம்மையீர், கருமை துயரமன்று, அது ஐரோப்பியக் கட்டமைப்பு. கற்றோர்க்கு விளங்கும். கிழித்துவிட்டீர்களாமே, கோட்டின் குறுக்கேயா?"

அடப் பாவி மனிதா! ஒரு பெண்ணின் வாழ்வு கிழிகிறது, உமக்குக் கோட்டின் கவலையா?

லோகநாயகி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. முந்தானையால் முகம் துடைத்து உறவினரை நோக்கினாள். "இன்னா வாணாம்? செத்துட்டதா சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு தெரியாதா? திருப்போரூர்லேர்ந்து அழுதுகினே வந்தேனே, எங்க அண்ணன் பூட்டாருன்னுதானே அழுதேன்? அந்த அழுகை பொய்யா? வச்சலா எங்க வூட்டுப் பொண்ணு. சொன்ன நாள்ல கல்யாணம் நடக்கும்."

வச்சலா ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லப்பன் சோற்றுக்கையை அப்படியே வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

லோகநாயகியே ஊரூராய்ப் போய் வாயால் அழைத்தாள். ஊரே திரண்டு வந்தது. தாண்டவராயனாரும் வந்தார். எவரேனும் ஏசினால் எடுத்துரைக்க ஐரோப்பியச் சான்றுகளை நெஞ்சில் அடுக்கிக்கொண்டு பந்தியில் அமர்ந்தார். இலை போட்டார்கள், சோறிட்டார்கள், குழம்பு ஊற்றினார்கள். ஏசுவார் ஒருவரும் இல்லை. படிப்பவரை நினையாமல் அச்சேற்றியவரைப் படித்தவர்களும் நினைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் மட்டும், "நீங்க பொண்ணு வூட்டு ஆளா, மாப்ள வூட்டு ஆளா?" என்று கேட்டார்.