பொட்டு வைத்த கிரைண்டர்

எங்கள் கிரைண்டர் கடையில் ஒரு சட்டம் உண்டு. போர்டில் எழுதவில்லை, ஆனால் மஞ்சக்குப்பத்துக்கே தெரியும். விற்ற சாமானை ஏழு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டால் மாற்ற முடியாது. நான் தேவசகாயம், எனக்கும் பொட்டுக்கும் சம்பந்தமில்லை. வாங்க வருகிறவர்களுக்கு உண்டே. இன்னொரு வீட்டில் பூஜை போட்ட சாமானை எவள் தன் வீட்டுக்குள் ஏற்றுவாள்? பதினெட்டு வருஷ மேனேஜர் உத்தியோகத்தில் இந்தச் சட்டத்தை நான் தளர்த்தியதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

2009 ஜூன் மாதம் ஒரு நாள், காலை பதினோரு மணிக்கு ஒரு குட்டியானை வண்டி கடை வாசலில் நின்றது. அதில் முந்தின நாள் சாயங்காலம்தான் நாங்கள் சிதம்பரத்தில் இறக்கிவிட்டு வந்த பத்து லிட்டர் கிரைண்டர். முன்பக்கத்தில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம். பக்கத்திலேயே அதை ஆர்டர் செய்த தில்லையம்மாள்.

"அண்ணே, இத மாத்திக் குடுங்க. தப்பு என்மேலதான்."

அவருடைய தம்பி ஜெயப்பிரகாஷ் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். எந்த மோட்டார் நல்லது என்று அவனைக் கேட்டிருக்கிறார். அவன் தினம் கட்டிக்கொண்டு அழுவதெல்லாம் த்ரீ பேஸ் மோட்டார். "த்ரீ பேஸே எடுத்துக்கக்கா, அதான் உழைக்கும்" என்றிருக்கிறான். அக்கா வீட்டுக் கரண்டு சிங்கிள் பேஸ், அதில் அந்த மோட்டார் ஓடாது என்பது அந்த மேதைக்கு நினைவே வரவில்லை. அக்காவும் போனில் எங்களிடம் அதையே கேட்டு வாங்கிவிட்டார்.

"பொட்டு வெச்சு, கற்பூரம் காட்டிட்டு சுவிட்ச் போடலாம்னு பாக்கறேன், நாலு வயரு வருது. அப்புறந்தான் வெளங்குச்சு."

"பொட்டு வெச்சாச்சுல்ல, மாத்த முடியாதும்மா."

"அண்ணாமலை நகர்ல ஒரு லாட்ஜுக்கு நாளையிலேருந்து மாவு தர்றேன்னு ஒத்துக்கிட்டேண்ணே. தங்கிப் படிக்கற பசங்க அறுபது பேரு. காலைல ஆறு மணிக்கே அரிசி ஊறப் போட்டுட்டேன். சாயங்காலம் அரைச்சாத்தான் காலைக்குப் பொங்கும். மொத நாளே மாவு போவலன்னா அவுங்க வேற ஆளப் பாத்துருவாங்க."

பேச்சை முடிக்கத்தான் சொன்னேன்: "இந்தப் பொட்டோட இத எடுத்துக்கறவங்க யாராவது வரட்டும். அந்த நிமிஷமே மாத்தித் தர்றேன்."

தட்டிக் கழிக்கச் சொன்னதை அவர் வாக்காக எடுத்துக்கொண்டார். கிரைண்டரை இறக்கிப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் வந்தார்கள், குங்குமத்தைப் பார்த்தார்கள், நகர்ந்தார்கள். மணி ஒன்றானது. அந்த அம்மாள் என்னைக் கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கல்லுக்குள்ளும் ஈரம் உண்டல்லவா, எனக்கே மனசு கேட்கவில்லை.

"ஈரத்துணி தர்றேன், தொடச்சிருங்க. நான் கண்டுக்கல."

"வெச்ச பொட்ட என் கையாலயே அழிக்கறதாண்ணே? மாட்டேன்."

இது என்ன பிடிவாதம் என்று எரிச்சலாக வந்தது.

ஒன்றரை மணிக்குப் பண்ருட்டியிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். பெயர் தங்கம்மாள், பஸ் ஸ்டாண்டு பக்கம் டிபன் கடை. கேட்டதே த்ரீ பேஸ் கிரைண்டர்தான். கல்லைச் சுற்றிப் பார்த்தார், மோட்டாரைத் தட்டினார், பொட்டில் கண் நின்றது.

"இது என்னா?"

"கடை பூஜையில வெச்சதும்மா" என்றேன். இந்த நாக்கு விற்பனைக்காகப் பழகிய நாக்கு.

"இல்லம்மா" என்று தில்லையம்மாள் எழுந்தார். "நான் வெச்சது. என் வீட்டுக்குன்னு எடுத்தேன், கரண்டு ஒத்து வரல. அரிசி எதுவும் போடல. பொட்டு என்னுதுதான்."

எனக்கு வந்ததே கோபம். கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டாமல் தட்டிவிடுகிறாரே என்று பல்லைக் கடித்தேன்.

தங்கம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அவுருதான் சமாளிக்கறாரே, நீ ஏன் சொன்ன?"

"நாளைக்கு ஒங்க மாவு பொங்கலன்னா, எவ வெச்ச பொட்டோன்னு தோணும். தெரிஞ்சே எடுத்தா தோணாது."

"ஒனக்கு எதுக்கு கிரைண்டரு?"

"மாவு விக்கத்தாம்மா."

"அரிசி ஊறுதா?"

"காலைல ஆறு மணிக்குப் போட்டது."

தங்கம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். மாவு வியாபாரத்தில் இருப்பவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இடுப்புப் பர்ஸிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தார். தில்லையம்மாள் வைத்த பொட்டை அழிக்காமல், அதற்குக் கீழே தன் பொட்டை வைத்தார்.

"பில்லு போடுங்க" என்றார் என்னிடம்.

பதினெட்டு வருஷமாக நான் பேசிப் பேசி விற்றிருக்கிறேன். உண்மையைச் சொல்லிக்கூட ஒரு சாமானை விற்கலாம் என்பதை அன்றுதான் பார்த்தேன். பில்லை எழுதும்போது தில்லையம்மாள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. சிங்கிள் பேஸ் கிரைண்டரை நானே ஓட்டிப் பார்த்து, நானே ஒரு பக்கம் தூக்கி வண்டியில் ஏற்றினேன். கடைப் பையன்கள் அதிசயமாகப் பார்த்தார்கள்.

ஐந்தரை மணிக்குக் கடை போன் அடித்தது. எடுத்தால் பேச்சில்லை, கல் சுற்றுகிற சத்தம் மட்டும். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றேன்.

"கேக்குதாண்ணே?"

"கேக்குது. பொட்டு வெச்சாச்சா?"

"இல்லண்ணே" என்றார். "மொத ஈடு வழிச்சப்புறம் வெச்சுக்கறேன்."