ஏழாயிரத்து எண்ணூறு

என் தங்கை என்னிடம் கேட்டது ஒரே ஒரு எண். ஏழாயிரத்து எண்ணூறு. அவளுடைய பந்தயக் காரின் இன்ஜின் நிமிடத்துக்கு ஏழாயிரத்து இருநூறு சுற்றுக்கு மேல் போகாதபடி அதன் கம்ப்யூட்டரில் ஒரு வரம்பு இருந்தது. அந்த வரம்பை அறுநூறு உயர்த்த வேண்டும். கியர் மாற்றச் சொல்லும் சிவப்பு விளக்கும் அதற்கேற்ப தாமதமாக எரிய வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்துத்தான் என் பட்டறை ஓடுகிறது. அவளுக்குச் செய்ய மட்டும் மனசு வரவில்லை.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

"மேடு ஏறி முடிக்கிறதுக்குள்ள லைட் எரியுது அண்ணா. நாலாவது கியர் போடுறேன். போட்ட கையோட வளைவு வந்துடுது, திரும்ப மூணாவதுக்கு இறங்கணும். எதுக்கு இந்த வீண் வேலை? எண்ணூறு வரைக்கும் விட்டா மூணாவதுலயே வளைவு வரைக்கும் போயிடுவேன். அரை செகண்ட் மிச்சம்."

பழைய கேஸ்கெட் அட்டையைத் திருப்பிப்போட்டு, மேடு, வளைவு, கியர் எல்லாவற்றையும் வரைந்து காட்டினாள். சின்ன வயதிலிருந்தே நான் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவேன். வாலு கணக்கில் புலி. நான் குறை கண்டுபிடிக்கப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

அந்த அரை விநாடியில் அவள் எதிர்காலமே இருந்தது. ஒரு பந்தய அணி ஆள் எடுக்கிறது. அவரவர் காரில் வந்து, தடத்தில் ஒரு சுற்றை, அதாவது ஒரு லேப்பை, ஒரு நிமிடம் பதினைந்து விநாடிக்குள் முடித்துக் காட்ட வேண்டும். வாலுவின் நேரம் அதற்குச் சற்று மேலேயே நின்றது. முப்பது வயது ஆகிவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். வாலுவுக்கு அடுத்த மாதம் முப்பது.

நானும் அரைகுறையாக விடவில்லை. இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றி, வால்வு ஸ்பிரிங் பதினாறையும் ஒவ்வொன்றாக அழுத்தி அளந்தேன். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அந்த வேகத்தில் வால்வு நேரத்துக்கு மூடாது, பிஸ்டன் வந்து அதை இடிக்கும், அப்புறம் மிஞ்சுவது இரும்புக் குப்பை. ஆனால் பதினாறும் கல் மாதிரி இருந்தன. எட்டாயிரம்கூடத் தாங்கும்.

தாங்கும் என்று தெரிந்த பிறகுதான் பயம் அதிகமாயிற்று. இரண்டு வருடம் முன்னால் பக்கத்துக் கடை பெயின்டரின் காருக்கு இதே வேலையைச் செய்தேன். ஸ்பிரிங்கை அளக்கவில்லை, திமிர். நேர்ப்பாதையில் இன்ஜின் வெடித்து, ஆயில் டயரில் கொட்டி, கார் சுவரில் மோதியது. மனிதர் பிழைத்தார். வலது மணிக்கட்டு இன்றும் திரும்பாது. "விடுப்பா, ஆனது ஆச்சு" என்று சிரித்துக்கொண்டே இடது கையால் டீயை நீட்டுவார். நான் அந்தக் கையைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வேன்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். வரம்பை ஏழாயிரத்து நானூற்றில் நிறுத்தினேன். பிறகு இன்ஜின் சுற்றைக் காட்டும் டயலைத் தொட்டேன். ஆறாயிரத்துக்கு மேல் போனதும் முள் கொஞ்சம் கொஞ்சமாக முந்திக்கொண்டு ஓடும். இன்ஜின் ஏழாயிரத்து நானூற்றில் இருக்கும்போது டயல் ஏழாயிரத்து எண்ணூறு காட்டும். இருபது நிமிட வேலை. சொந்தத் தங்கைக்கே காது குத்தினேன்.

"எண்ணூறு வச்சுட்டியா?" என்று கேட்டாள்.

"வச்சாச்சு" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை.

தேர்வு நாளில் அவளுக்கு எட்டு லேப் கொடுத்தார்கள். நான் சுவரோரம் நின்று காதால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் மேட்டின் முடிவில், வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், அவள் நாலாவதுக்குப் போகும் சத்தம் கேட்டது. உடனே மூன்றுக்கு இறங்கும் சத்தம். ஐந்தாவது லேப்பில் அவள் கியர் மாற்றவே இல்லை. இன்ஜின் வரம்பில் முட்டி, தடதடவென்று விக்கியது. அதுவும் உதவவில்லை. கடைசியில் கிடைத்த நேரம் ஒன்று பதினைந்து புள்ளி மூன்று. அணியின் மேலாளர் அவள் கையைக் குலுக்கி, நல்லா ஓட்டினீங்க என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை பட்டறைக்கு வந்தவள் என்னைத் திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "வண்டி மேல ஒரு குறையும் இல்ல அண்ணா" என்றாள். "நான் கேட்டதெல்லாம் பண்ணிக் குடுத்த. என் கணக்குதான் தப்பு. முந்தின வளைவுல இருந்து நான் சரியா வெளிய வரலபோல. எனக்கு அவ்வளவுதான் வரும்னு நினைக்கிறேன். வண்டிய யாருக்காவது குடுத்துடு."

அம்மா இறந்தபோதுகூட நான் அப்படி உடைந்ததில்லை. பொய்யோடு காலம் தள்ளிவிடலாம் என்றுதான் அந்த நிமிடம் வரைக்கும் நினைத்திருந்தேன். அவள் தன்னையே குறைத்துக்கொண்டு என்னை நல்லவனாக்கியும் பேசியபோது தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நானூறு, டயல், முள், எல்லாம்.

அவள் கத்தவில்லை.

"ஸ்பிரிங் அளந்தியா?"

"அளந்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

எழுந்து லேப்டாப்பை என் முன்னால் வைத்தாள். "இப்ப நிஜமா எண்ணூறு வை. டயலையும் சரி பண்ணு. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

"தேர்வுதான் முடிஞ்சுபோச்சே வாலு."

"எனக்குத் தெரியணும்."

அன்று மதியம் பந்தய மைதானம் காலியாகத்தான் கிடந்தது. காவலாளி கேட்டைத் திறந்துவிட்டு நிழலுக்குப் போய்விட்டார். நான் ஸ்டாப்வாட்சோடு தொடக்கக் கோட்டருகே நின்றேன். டயர் சூடேற இரண்டு லேப் மெதுவாகப் போனாள். மூன்றாவதில் கோட்டைத் தாண்டும்போதே தெரிந்தது, இதுதான் என்று.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒரு நிமிடமும் இன்ஜின் உடைந்துபோகட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். அவளுக்கு அடி படக்கூடாது, இன்ஜின் மட்டும் உடைய வேண்டும். உடைந்தால் நான் செய்தது சரி. அவளைக் காப்பாற்றியவன் ஆகிவிடுவேன்.

மேட்டில் சத்தம் ஏறியது. வழக்கமாக அவள் நாலாவதுக்குப் போகும் இடம் வந்தது. போகவில்லை. சத்தம் இன்னும் ஏறியது, மெல்லியதாக, சுத்தமாக, ஒரு பிசிறும் இல்லாமல். வளைவு வரைக்கும் மூன்றாவது கியர் அப்படியே இழுத்துக்கொண்டு போனது.

ஒன்று பதினான்கு புள்ளி ஏழு.

அவள் காரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். நெற்றியில் வேர்வை. வாட்சை நீட்டினேன். பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள்.

"நான் போய் அந்த மேலாளர்கிட்ட சொல்றேன்" என்றேன். "தப்பு என்னோடதுன்னு எழுதியே குடுக்கறேன்."

"அவங்க நேத்தே ஆள் எடுத்துட்டாங்க அண்ணா. பேரெல்லாம் போட்டாச்சு."

"பயந்துட்டேன்டி" என்றேன்.

"பயப்படறது தப்பில்ல." அவள் கையுறைகளை ஒவ்வொரு விரலாக உருவினாள். "என்னால முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் வேற பட்டறைக்குப் போயிருப்பேன்ல?"

ஆமாம். போயிருப்பாள். வேறு எவனோ ஒருவன் அரை மணி நேரத்தில் எண்ணூறு வைத்துக் கொடுத்திருப்பான், அவளும் ஜெயித்திருப்பாள். அவள் ஜெயிக்கும் வண்டியில் என் கை இருக்காதே என்றுதான் அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. பெயின்டரின் மணிக்கட்டெல்லாம் அதற்கு அப்புறம்தான். இதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.